முப்பதாவது வாரத்தில் அவள் எந்த ஊரில் இருப்பாள்?

திருப்பூர் மாவட்டத்துக் கொமரலிங்கம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவம் என்றால், அவள் எப்போது எங்கே இருப்பாள் என்பதை மாதத்தை வைத்தே சொல்லிவிடலாம். மூன்றாம் மாதம் வரை மில் வேனில் வேலைக்குப் போய்வருவாள். வாந்தி தாங்காமல் போனால் நின்றுகொள்வாள். அதற்குள் கிராம சுகாதார செவிலியர் பெயரைப் பதிந்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கிக் கொடுத்திருப்பார். ஐந்தாம் மாதம் உடுமலைக்குப் போய் ஒரு ஸ்கேன். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்து விருந்து வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, மகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அம்மா வீடு தாராபுரம் பக்கம் இருக்கலாம், பொள்ளாச்சிப் பக்கம் இருக்கலாம். பொள்ளாச்சி என்றாலும் கிழக்கே பழநி என்றாலும் மாவட்டமே மாறிவிடும். பழநிக்குப் போனால் அவள் திண்டுக்கல் கணக்கில் சேர்ந்துவிடுவாள்.

இதற்கும் தடுப்பூசிக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. பிறக்கப்போகும் குழந்தையைக் காப்பதற்கென்றே, கர்ப்பிணிகளுக்குப் போட உருவாக்கப்பட்ட புதிய தடுப்பூசி ஒன்று உலகில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இன்னும் சில பின்னால் வரிசையில் நிற்கின்றன. ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸுக்கு எதிரான அந்த ஊசியை அமெரிக்கா 32 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறது. இங்கிலாந்து 28ஆம் வாரத்திலிருந்து போடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 28 வாரம் கடந்த பிறகே என்கிறது. நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் அது இன்னும் இடம்பெறவில்லை. இடம்பெறும் நாளில், ஊசி கேட்கும் வாரங்களும் கட்டுச்சோறு கட்டும் வாரங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஊசி போடத் தெரிந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை, குளிர்பெட்டிக்கும் பஞ்சமில்லை. அந்தச் சில வாரங்களில் அவள் யாருடைய பதிவேட்டில் இருக்கிறாள் என்பதில்தான் திட்டம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

பழைய ஊசிக்கு இந்தத் தொல்லை கிடையாது. கர்ப்பிணிக்குப் போடும் டி.டி. ஊசி நமக்குப் பழகிப்போனதால் அது சாதித்ததை மறந்துவிட்டோம். பிறந்த குழந்தை இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடிக்கும். பிறகு திடீரென்று வாய் திறக்க முடியாமல் தாடை இறுகும், தொட்டாலே உடம்பு வில்லாக வளையும், சில நாளில் இறந்துவிடும். தொப்புள்கொடியை அறுத்த அரிவாளிலோ பிளேடிலோ, அறுத்த இடத்தில் வைத்த சாணத்திலோ இருந்த கிருமி செய்த வேலை அது. ரணஜன்னி. 1988இல் உலகம் முழுக்க 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இதில் இறந்ததாக மதிப்பிட்டார்கள். இந்தியாவில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். தாய்க்கு ஊசி போட்டால் குழந்தை தப்பும் என்பதை நியூகினித் தீவில் ஷோஃபீல்டு என்ற மருத்துவரும் சகாக்களும் செய்த ஆய்வு 1961இலேயே காட்டிவிட்டது. 1985இல் இந்தியாவில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் வந்தபோது கர்ப்பிணிகளுக்கான டி.டி. அதில் இருந்தது. 2015இல் தாய் சேய் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஒழிந்தது என்றால் எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்று பொருள். மண்ணில் அந்தக் கிருமி இன்னும் இருக்கிறது.

அந்த வெற்றிக்கு ஊசியின் பொறுமையும் ஒரு காரணம் என்பேன். கர்ப்பம் உறுதியானதும் முதல் டோஸ், நான்கு வாரம் கழித்து இரண்டாவது. 36 வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது, தாண்டினாலும் போடலாம். முன்பு போடவே இல்லையென்றால் பிரசவ வலியோடு வந்தவளுக்கும் போடச் சொல்கிறது வழிகாட்டு நெறி. எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும் ஏற்பாடு. 2019இல் டி.டி.யை எடுத்துவிட்டு, தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துக் காப்புத் தரும் ‘டிடி’ என்ற ஊசியை வைத்தார்கள். அதே மாதம், அதே கை, அதே நர்சம்மா. ஊரில் யாருக்கும் மாற்றமே தெரியவில்லை. புதிய ஊசிகள் இவ்வளவு ஓசைப்படாமல் வந்து சேராது.

ஏன் கடைசி வாரங்கள்தான் வேண்டும்? தாயின் இரத்தத்தில் பல வகை எதிர்ப்பொருள்கள் ஓடுகின்றன. அவற்றில் ஐஜிஜி என்ற வகை மட்டுமே நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தானாகக் கசிந்து போவதில்லை. நச்சுக்கொடியின் மேல்தோலில் இதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அது ஐஜிஜியைப் பிடித்து உள்ளே இழுத்து மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறது. மூன்றாம் நான்காம் மாதவாக்கில் மெல்லத் தொடங்கும் இந்தப் போக்குவரத்து, 28 முதல் 32 வாரத்துக்குள் குழந்தையின் அளவைத் தாயின் அளவில் பாதிவரை கொண்டுவரும். நிறைமாதத்தில் குழந்தையின் இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிட அதிக ஐஜிஜி இருக்கும்! பிறந்த பிறகு அனுப்ப அந்த வழி இல்லை. தாய்ப்பாலில் போவது பெரும்பாலும் வேறு வகை. அது குடலையும் தொண்டையையும் காக்கும், இரத்தத்தில் பெரிதாகச் சேராது. ஆகவே இதுவும் ஒரு கட்டுச்சோறுதான்: கிளம்புவதற்கு முன்பே கட்டிக் கொடுக்க வேண்டும், சில மாதங்களுக்குத்தான் வரும், அதற்குள் குழந்தை தானே சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ரணஜன்னியில் தாய்க்கு முந்தைய ஊசிகளின் நினைவு பல ஆண்டு நிற்கும். ஆர்எஸ்வியில் அந்த வசதி இல்லை. ஊசி போட்டு எதிர்ப்பொருள் ஊறி, நச்சுக்கொடி தாண்டிப் போய்ச் சேர இரண்டு வாரமாவது வேண்டும். 33ஆம் வாரம் போட்டு 34ஆம் வாரம் குழந்தை பிறந்துவிட்டால் ஊசி தாயோடு நின்றுவிடும்.

ஆர்எஸ்வி புதிய நோய் அன்று. நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ‘நெஞ்சுச்சளி’, ‘இளைப்பு’, ‘மூச்சு வாங்குது’ என்று இரண்டு மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அதில் கணிசமான பங்கு இந்த வைரஸுடையது. பெரியவர்களுக்கு வெறும் சளி. கைக்குழந்தையின் நுரையீரலில் முடி போன்ற மூச்சுக்குழல்கள் வீங்கி, உதிர்ந்த செல்களும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மூக்குத் துவாரம் விரியும், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழும், பால் குடிக்கத் தெம்பிருக்காது. மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆக்ஸிஜன் கொடுத்து, குழாய் வழியே பால் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்த வைரஸால் இறந்தார்கள். அவர்களில் 45,700 பேர் ஆறு மாதம்கூட நிரம்பாதவர்கள். இறந்தவர்களில் 97 சதவீதத்தினர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

அப்படியானால் குழந்தைக்கே ஊசி போடலாமே? போட்டுப் பார்த்தார்கள். 1966இல் அமெரிக்காவில், ஃபார்மலினில் கொன்ற வைரஸைக் கொண்டு செய்த தடுப்பூசியைக் குழந்தைகளுக்குச் சோதனையாகக் கொடுத்தார்கள். அடுத்த ஆர்எஸ்வி பருவத்தில் நடந்தது தடுப்பூசி வரலாற்றின் இருண்ட பக்கங்களில் ஒன்று. ஊசி பெற்று, பின்னர் வைரஸும் தொற்றிய குழந்தைகளில் 80 சதவீதத்தினர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசி காப்பாற்றாததோடு நோயை முற்றவும் வைத்தது. அந்தப் பயத்தில் இந்தத் துறையே பல பத்தாண்டுகள் முடங்கிப்போனது.

காரணம் வைரஸின் மேலிருக்கும் ஒரு புரதத்தின் உருவத்தில் ஒளிந்திருந்தது. எஃப் புரதம் என்று பெயர். செல்லுக்குள் நுழைவதற்கு முன் அது ஒடுங்கி ஒரு வடிவில் இருக்கும். நுழையும் கணத்தில் விரிந்து வேறு வடிவம் எடுத்துவிடும். மீண்டும் பழைய நிலைக்கு வராது. ஃபார்மலினில் கொன்ற வைரஸில் இருந்தது விரிந்த பிறகான வடிவம். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட உடல் செய்த எதிர்ப்பொருள்கள் வைரஸில் ஒட்டும், ஆனால் நுழைவதைச் சரியாகத் தடுக்காது. 2013இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் குழுவினர் நுழைவுக்கு முந்தைய வடிவத்தைப் படம்பிடித்து, அது விரிந்துவிடாமல் பூட்டுப் போடவும் கற்றார்கள். (இதே பூட்டும் வித்தைதான் பின்னர் கோவிட் தடுப்பூசிகள் பலவற்றுக்கும் கைகொடுத்தது.) அந்தப் பூட்டிய புரதத்தைக் கைக்குழந்தைக்கு அல்லாமல் தாய்க்குக் கொடுத்து, அவள் செய்யும் எதிர்ப்பொருளைக் குழந்தைக்கு அனுப்புவது என்ற யோசனை 2023இல் பலித்தது. 18 நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ஃபைசரின் சோதனையில், பிறந்த முதல் 90 நாளில் கடுமையான ஆர்எஸ்வி நோய் சுமார் 82 சதவீதம் குறைந்தது. ஆறு மாதக் கணக்கில் 69 சதவீதம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தது. 2025 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியும் கிடைத்தது. முன்தகுதி இருந்தால்தான் ஐ.நா. அமைப்புகள் ஏழை நாடுகளுக்காக வாங்க முடியும்.

இனி இதை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவ்வாய்க்கிழமைக் கர்ப்பிணிப் பரிசோதனைக்குக் கொண்டுவருவோம். பேச்சு எப்படிப் போகும் என்று ஊகிப்பது கடினமில்லை.

“ஏனுங் சிஸ்டரு, மூத்த மருமகளுக்கு ரண்டு ஊசிதானுங்களே போட்டீங்க. இதென்னுங்க மூணாவது?”

“இது உங்க மருமகளுக்கில்லீங்கம்மா, பொறக்கப்போற பேரனுக்கோ பேத்திக்கோ. ரண்டாம் மாசம் மூணாம் மாசம் நெஞ்சுச்சளி வந்து ஆஸ்பத்திரில கெடக்காம இருக்கறதுக்குங்க.”

“அதெல்லாஞ் செரீங்க. எட்டாம் மாசத்துல ஊசி போட்டு, அதுல முன்னாலயே வலி கண்டுட்டா ஆருங்க பதில் சொல்றது?”

இந்த மாமியாரை அறியாதவர் என்று ஒதுக்கினால் நாம்தான் அறியாதவர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ஃபைசரோடு போட்டியிட்ட ஜிஎஸ்கே நிறுவனம் ஏறத்தாழ இதே வகைத் தாய்மைத் தடுப்பூசியைச் சோதித்துக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஊசி பெற்றவர்களில் 6.8 சதவீதத்தினருக்குக் குறைமாதப் பிரசவம். வெற்று ஊசி பெற்றவர்களில் 4.9. வேறுபாடு பெரும்பாலும் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் தெரிந்தது. ஏன் என்பதற்கு உறுதியான விளக்கம் கிடைக்கவில்லை. ஃபைசரின் சோதனையிலும் 5.7க்கு 4.7 என்று சிறு வேறுபாடு இருந்தது. புள்ளியியல்படி அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவு. இருந்தாலும் அமெரிக்கா சோதனை நடந்த 24 வாரத்திலிருந்து அனுமதிக்காமல் 32க்குத் தள்ளிவைத்தது. 32க்குமேல் பிறந்தால் குழந்தை தேறிவிடும் என்ற எச்சரிக்கைக் கணக்கு. இங்கிலாந்து 28ஐத் தேர்ந்தது, முன்கூட்டிப் பிறக்கும் குழந்தைகளுக்கும் கொஞ்சம் காப்பு போய்ச் சேரட்டும் என்று. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. இந்தியா எதைத் தேர்ந்தாலும் அந்தக் காரணத்தை மாமியாரிடம் சொல்லும் தைரியம் வேண்டும். “ஒண்ணும் ஆகாது போங்க” என்ற பதில் ஒரு தடவைதான் செல்லும்.

அவருடைய கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல இன்னொரு எண்ணும் கையில் இருக்க வேண்டும். 2020இல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்ததாக மதிப்பீடு, நூற்றுக்குப் பதின்மூன்று. அவற்றில் பெரும்பாலானவை 32 வாரத்துக்குப் பிறகு பிறப்பவை. எந்தப் புதிய ஊசியும் இல்லாத காலத்துக் கணக்கு இது. நாட்டுச் சராசரியை அப்படியே வைத்துப் பார்த்தால், ஒரு வட்டாரத்தில் ஆயிரம் பேருக்கு 30ஆம் வாரம் ஊசி போட்டால் நூறு பேருக்காவது அதன்பின் குறைமாதப் பிரசவம் நடந்தே தீரும், ஊசியில் வெறும் தண்ணீர் இருந்தாலும். அதில் யாரோ ஒருத்திக்கு ஊசி போட்ட மூன்றாம் நாளே வலி வரும். அன்று மாலையே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில், ‘போன வருசம் ஊசி இல்லாதப்பவே நம்ம வட்டாரத்துல இத்தனை நடந்துச்சு, இந்த வருசமும் அதே அளவுதான்’ என்று காட்டும் தாள் வட்டார மருத்துவ அலுவலரிடம் இருந்தால் ஒரு கதை. இல்லாவிட்டால் வேறு கதை. ஒருவேளை உண்மையிலேயே கூடியிருந்தால் அதையும் அந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும். புதிய ஊசிக்கான முதல் ஆயத்தம் ஊசி வருவதற்கு ஓரிரு ஆண்டு முன்பே இந்தக் கணக்கை ஒழுங்காக எடுத்து வைப்பது. குறைமாதம் என்று எழுத எத்தனையாவது வாரம் என்று தெரிய வேண்டும். இங்கேதான் இடிக்கிறது.

மாதக் கணக்கு நம் வீடுகளில் நன்றாகவே புழங்குகிறது. வாரக் கணக்கு புழங்குவதில்லை. கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்டால், “தைப்பூசத்துக்கு நடக்கறவங்க எல்லாம் பழநிக்குப் போனாங்களே, அந்த வாரம்” என்று பதில் வரும். டி.டி. ஊசிக்கு அது போதும். 28ஆ 32ஆ என்ற கேள்விக்குப் போதாது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் சில நாள் வித்தியாசத்தில் வாரத்தைச் சொல்லிவிடும். கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் இரண்டு மூன்று வாரம்வரை பிசகும். ஆக, எட்டாம் மாதத்து ஊசி சரியாக விழுவது இரண்டாம் மூன்றாம் மாதத்து ஸ்கேனைப் பொறுத்தது. தடுப்பூசித் திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஸ்கேன் கருவிக்கும் பங்கு வேண்டும் என்று சொன்னால் கோப்பு பார்ப்பவர்கள் விநோதமாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல பாடமும் உண்டு, கசப்பான பாடமும் உண்டு. கசப்பானது முதலில். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு ஊருக்குள் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் நிலையங்களில் மட்டும் போடுவது என்று அரசு முடிவெடுத்தது. தப்பென்று சொல்ல முடியாத முடிவுதான். ஆனால் ஊசி தூரமாகப் போனது. தேசியக் குடும்பநல ஆய்வில் 2005-06இல் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 80.9 சதவீதத்தினர் எல்லா ஊசிகளையும் பெற்றிருந்தார்கள்; 2015-16 ஆய்வில் அது 69.7ஆகச் சரிந்திருந்தது. இந்த ஒரு முடிவின் மேல் மொத்தப் பழியையும் போட முடியாது, பங்கு இருக்கிறது. 2019-21இல் 89.2க்கு ஏறிவந்தது. தட்டம்மை ஊசியைப் போலவே ஆர்எஸ்வி தாய்மை ஊசியும் பொடியாக வந்து, கரைத்துப் போடும் வகை. கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். கரைசல் மாறாமல், நேரம் தாண்டாமல் போடப் பழக்குவது சின்ன விஷயம் போலத் தெரியும். ஒரு மாவட்டத்தில் ஒரு நாள் தவறினால் மாநிலம் பத்தாண்டு பின்னால் போகும்.

இன்னொரு கசப்பு: 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தி சுகாதாரத் துறையை முந்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டது. முகாமை மார்ச் வரை நீட்டித்துத்தான் ஓரளவு ஈடுகட்டினார்கள்.

நல்ல பாடம் 2021. அந்த ஜனவரியில் கோவிட் தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்கு இல்லை என்றார்கள். ஊசியால் தீங்கு கண்டதால் அப்படிச் சொல்லவில்லை. பெரிய சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை, அதனால் தகவல் இல்லை, அதனால் அனுமதி இல்லை. காப்பதாக நினைத்துக் கதவைச் சாத்தியதில் இரண்டாம் அலையின் நடுவே கர்ப்பிணிகள் ஊசியின்றி நின்றார்கள். ஜூலை 2ஆம் தேதிதான் மத்திய அரசு அனுமதித்தது. அந்த மாத முடிவில் நாடு முழுக்க 2.27 லட்சம் கர்ப்பிணிகள் முதல் டோஸ் பெற்றிருந்தார்கள். அதில் 78,838 பேர் தமிழ்நாட்டில். மூன்றில் ஒருவர்! மற்ற மாநிலங்களிலும் ஊசி இருந்தது. இங்கே கூடுதலாக இருந்தது, யார் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்ற பட்டியலும், வாரம் தவறாமல் நடக்கும் பரிசோதனை நாளும், வீட்டுக்கே வந்து பேசும் செவிலியரும் என்பது என் கணிப்பு.

பட்டியலும் பேச்சும் தளர்ந்தால் பணக்கார நாடும் வழுக்கும். கக்குவான் இருமலால் 2012இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 14 கைக்குழந்தைகள் இறந்தார்கள். அந்த அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு ஊசி தொடங்கினார்கள். பிறந்த குழந்தைகளுக்குச் சுமார் 90 சதவீதக் காப்பு கிடைத்தது, இறப்பு வெகுவாகக் குறைந்தது. நோய் கண்ணில் படவில்லை என்றதும் அக்கறையும் குறைந்தது. 2017இல் முக்கால்வாசிக் கர்ப்பிணிகள் போட்டுக்கொண்ட ஊசியை 2024 தொடக்கத்தில் அறுபது சதவீதத்தினர்கூடப் போடவில்லை. அந்த ஆண்டில் 11 கைக்குழந்தைகள் இறந்தார்கள். இந்தியாவில் இந்தக் கக்குவான் ஊசியை மகப்பேறு மருத்துவர்கள் சங்கக் கூட்டமைப்பு பரிந்துரைக்கிறது. தனியார் மருத்துவமனைக்குப் போகும் பெண்ணுக்குக் கிடைக்கிறது, அரசு அட்டவணையில் இல்லை. ஒரே தெருவில் இரண்டு கர்ப்பிணிகள், இரண்டு அட்டவணை.

திருப்பூர் வட்டாரத்தில் மூன்றாவதாக ஒருத்தியும் இருக்கிறாள். பனியன் கம்பெனியில் செக்கிங்கிலோ கைமடியிலோ இருக்கும் ஒடிசாப் பெண். பீஸ் ரேட்டில் வேலை, ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் சனிக்கிழமை கையில் நாலு காசு. செவ்வாய்க்கிழமைப் பரிசோதனைக்கோ புதன்கிழமை ஊசிக்கோ போனால் அன்றைய கூலி போய்விடும். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஒரு சீட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டு. ஏழாம் எட்டாம் மாதத்தில் தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறினால் அவளுடைய 30ஆம் வாரம் எந்த மாநிலத்தின் பொறுப்பு? கட்டுச்சோறு கட்டிப் போகிறவளை இரண்டு மாவட்டச் செவிலியர்கள் போனில் பேசியாவது பிடித்துவிடலாம். இவளைப் பிடிக்க ரயில் ஏறும் தேதி தெரிந்திருக்க வேண்டும், அவள் மொழியில் அட்டை வேண்டும். 2021இல் கம்பெனிகளுக்குள்ளேயே தடுப்பூசி முகாம் நடத்திய ஊர் இது. ஞாயிற்றுக்கிழமைக் கர்ப்பிணிப் பரிசோதனை ஒன்றும் நடத்த முடியாததல்ல. மேஸ்திரியைவிட, கூடத் தங்கியிருக்கும் மூத்த ஒடிசாப் பெண்மணி ஒருவர் சொன்னால் வருவார்கள்.

அடுத்து வரவிருப்பது ‘பி’ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கான ஊசி. தாயின் பிறப்புப் பாதையில் தொல்லை தராமல் இருக்கும் இந்தக் கிருமி, பிறக்கும்போது குழந்தைக்குத் தொற்றினால் இரத்தத்திலும் மூளை உறையிலும் சீழ் வைக்கும். உலகில் ஆண்டுக்கு 90,000க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் இதனால் இறப்பதாக மதிப்பீடு. ஊசி இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. அதுவும் கர்ப்பத்தின் பின்பாதியையே கேட்கும். ஆர்எஸ்விக்காகப் போடும் பாதையில்தான் அதுவும் நடக்கப்போகிறது.

அதனால் பதிவேட்டைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது. கொமரலிங்கத்தில் பதிந்து, 31ஆம் வாரம் அங்கே ஊசி போட்டு, பழநியில் பிரசவமான ஒருத்தியின் குழந்தை, ஐப்பசி மழையில் இளைப்போடு பழநியிலேயே ஒரு மருத்துவரிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு ஊசி போட்டார்களா, எத்தனையாவது வாரம், பிரசவத்துக்கு எத்தனை நாள் முன்பு என்பது அந்த மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் ஊசி பலித்ததா தவறியதா என்று நாடே கணக்குப் போட முடியும். ஊசி தவறிய குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடிய நிர்செவிமாப் என்ற நேரடி எதிர்ப்பொருள் மருந்து வந்திருக்கிறது. பிறந்தவுடன் ஒரே ஒரு முறை போடுவது. விலை கூடிய அந்த மருந்தைத் தாய்க்கு ஏற்கனவே ஊசி போட்ட குழந்தைக்கெல்லாம் கொடுத்து வீணாக்க முடியாது. ஊசி பெறாதவளின் குழந்தைக்குக் கொடுக்காமலும் விட முடியாது. பிக்மி எண் 12 இலக்கம். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும் என்பதால் அரசு, தனியார் என்று பாராமல் எல்லாக் கர்ப்பிணிகளும் அதை வாங்கிவிடுகிறார்கள். அந்த எண்ணைத் தட்டினால் ஊசியின் பெயர், போட்ட தேதி, கர்ப்பத்தின் வாரம், மருந்துத் தொகுதி எண் நான்கும் பழநியிலும் தெரிய வேண்டும், இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் தெரிய வேண்டும். ஒடிசாவின் சம்பல்பூரில் தெரியவைப்பது மத்திய அரசின் வேலை.